ஒரு படியில் எத்தனை ஆழாக்குக் காற்று?

(சென்னையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மெட்ரோ வேலை நடக்கிறது, நடுவில் சத்தம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே கொட்டுவதும் ஜல்லியும் மணலும்தான், நான் பேச வந்ததும் அதைத்தான்.

மேசையில் இரண்டு பித்தளைப் படி இருக்கிறது. ஒன்றில் கோலிக்குண்டு, இன்னொன்றில் சைக்கிள் பால்ரஸ், அதாவது சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன எஃகுக் குண்டு. இரண்டும் தலை தட்டி நிரப்பியது. எதற்குள் இடைவெளி அதிகம்? கை தூக்குங்கள். கோலிப் படி என்றுதான் முக்கால்வாசிப் பேர் தூக்கியிருக்கிறீர்கள். முன்வரிசைத் தம்பி, மேலே வா. இந்த ஆழாக்கால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்று.

பார்த்தீர்களா? கோலிப் படி 3 ஆழாக்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கியது. பால்ரஸ் படியும் 3 ஆழாக்கு. கோலிக்கு ஒரு மடக்கு கூடப் போனதே என்றால், அது படிச் சுவரின் வேலை. சுவரோரம் கோலி நெருங்கி உட்காராது. பெரிய அண்டாவில் ஊற்றினால் அந்த வித்தியாசமும் போய்விடும்.

8 ஆழாக்குப் படியில் 3 ஆழாக்குக் காற்று. சும்மா கொட்டினால் நூற்றுக்கு 40, நன்றாகக் குலுக்கினால் 36. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதுபோல் ஒவ்வொன்றாக அடுக்கினால் 26. அதற்குக் கீழே இறங்காது என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611-ல் சொன்னார். கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் அதற்கான நிரூபணத்தை 1998-ல் கொடுத்தார். சரிபார்க்க உட்கார்ந்த அறிஞர்கள் 99 சதவீதம்தான் உறுதி என்று கைவிரிக்க, கணினியை வைத்து வரி விடாமல் சோதித்து முடிக்க 2014 ஆகிவிட்டது. பழக்கடைக்காரர் யாரும் அதுவரை காத்திருக்கவில்லை.

குண்டின் பருமன் ஏன் கணக்கில் வரவில்லை? ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கினால் முகத்தோடு மூக்கும் பெரிதாகிறது அல்லவா? குண்டு பெருத்தால் இடுக்கும் அதே விகிதத்தில் பெருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் கலந்தால் கதை வேறு. கோலிக்குள் பால்ரஸைக் கொட்டினால் இறங்காது, மேலேயே நிற்கும். கடுகைக் கொட்டுங்கள், சரசரவென்று இறங்கும். கோலியின் குறுக்களவில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் மூன்று கோலிகளுக்கு நடுவிலுள்ள சந்தில் நுழைய முடியும். 36 பங்கு வெற்றிடத்தைக் கடுகு நிரப்பும். கடுகுக்குள்ளேயும் 36 சதவீதம் காற்று இருக்குமே, ஆக மிஞ்சுவது சுமார் 13. நம் கொத்தனார் முக்கால் ஜல்லி (முக்கால் அங்குலக் கல்), மணல், சிமெண்ட் என்று கலப்பது இதே கணக்குத்தான். முக்கால் ஜல்லியோடு கொஞ்சம் அரை ஜல்லியும் கேட்பவர் என்றால் விஷயம் தெரிந்தவர், விடாதீர்கள்.

இனி மேற்பரப்பு. இங்கே பருமன்தான் ராஜா. ஒரு சென்டிமீட்டர்க் கனசதுரத்துக்கு ஆறு முகம், 6 சதுர சென்டிமீட்டர். அதையே மில்லிமீட்டர்க் கனசதுரங்களாக அறுத்தால் ஆயிரம் துண்டு, 60 சதுர சென்டிமீட்டர். கல் அதே எடை, தோல் பத்து மடங்கு. ஒரு கிலோ முக்கால் ஜல்லியின் தோலை உரித்து விரித்தால் ஏறக்குறைய ஒரு நாளிதழ்ப் பக்கம் வரும். ஒரு கிலோ சிமெண்ட்? இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர். நம் சென்னைக் கணக்கில் அது எவ்வளவு? ஒரு கிரவுண்டு! 2,400 சதுர அடி. ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் தூக்கி வருபவர் ஐம்பது கிரவுண்டைச் சுமந்து வருகிறார். வேளச்சேரியில் அவருக்கு அரை கிரவுண்டு கிடையாது, அது வேறு பேச்சு.

சிமெண்ட் தண்ணீரோடு வினை புரிவது இந்தத் தோலில்தான். அதனால்தான் அவ்வளவு நைசாக அரைக்கிறார்கள். அதே காரணத்தால்தான் எம்-சாண்டில், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலில், தூசி அதிகமானால் வம்பு. தூசியின் தோலெல்லாம் நனையத் தண்ணீர் வேண்டும். கலவை இறுகுகிறது என்று கொத்தனார் இன்னொரு வாளி ஊற்றுவார், கான்கிரீட் பலம் இழக்கும்.

வடிவமும் சேரும். ஒரே கனஅளவுக்கு மிகக் குறைந்த தோல் உருண்டைக்குத்தான். கனசதுரத்துக்கு 24 சதவீதம் கூட, தட்டையான செதிலுக்கு இன்னும் கூட. ஆற்று மணல் உருண்டு தேய்ந்தது. எம்-சாண்ட் உடைத்தது. கல்லைக் கல்லோடு மோதவிட்டு உடைக்கும் இயந்திரத்தில் வந்தால் மூலைகள் மழுங்கியிருக்கும். வாங்கும்போது ஒரு பிடி அள்ளி விரலால் நெருடிப் பாருங்கள்.

ஆனால் உருண்டைதான் மிக நெருக்கமாக உட்காரும் என்று நினைத்துவிடாதீர்கள். 2004-ல் பிரின்ஸ்டனில் எம்&எம் மிட்டாயைக் கொட்டிக் குலுக்கிப் பார்த்தார்கள். நம் ஜெம்ஸ் மாதிரி தட்டை உருண்டை. காற்று 32 சதவீதத்துக்கு இறங்கியது! இலேசாகத் தட்டையானால் திரும்பித் திரும்பி இடுக்கில் பொருந்துகிறது. ரொம்ப நீண்டுவிட்டால் மறுபடி கெட்டது, முருங்கைக்காயைப் பையில் திணித்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக மழைநீர். 2003-ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரை மணல், தண்ணீர் சட்டென்று இறங்கும். களிமண்ணில் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், களிமண்ணில் மணலைவிட வெற்றிடம் அதிகம், பாதிக்குப் பாதிகூட இருக்கும். துகள்கள் தட்டை, சீட்டுக்கட்டு வீடு போல் தாறுமாறாக நிற்கின்றன. ஆனால் வழி மிகக் குறுகல், தோல் மிக அதிகம், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். துகள் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் நீர் இறங்கும் வேகம் ஏறக்குறைய நூறில் ஒன்றாகிவிடும்.

என் வீட்டு மழைநீர்க் குழியை அமைத்த மேஸ்திரி செங்கல் உடைசல், ஜல்லி, மணல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொட்டிவிட்டுப் போனார். இடுக்கெல்லாம் அடைபடுவது கான்கிரீட் தளத்துக்கு நல்லது, அதைக் குழிக்குச் செய்துவிட்டார். முதல் மழையிலேயே குழி குளமானது. எல்லாவற்றையும் அள்ளி, சலித்து, அடியில் ஒன்றரை ஜல்லி, அதன்மேல் முக்கால், பிறகு வலை விரித்து மணல் என்று தனித்தனி அடுக்காகப் போட்டேன். இப்போது இறங்குகிறது. மேல் மணலில் மட்டும் வண்டல் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி பிறப்பதற்குள் அதைச் சுரண்டிக் கழுவிப் போட வேண்டும், இந்த ஞாயிற்றுக்கிழமை என் வேலை அதுதான்.