மார்பில் தைத்த எழுத்து

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், இடம் இருக்கிறது.

உங்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள். நாலு விரற்கடை, அதற்கு மேல் ஒரு இழை. நத்தானியல் ஹாதார்ன் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் முகவுரையில் சொல்லும் துணி அவ்வளவுதான் இருக்கும். சேலம் என்ற அமெரிக்கத் துறைமுக ஊரின் சுங்க அலுவலக மாடியில், பழைய காகிதக் குப்பைக்குள் கிடைத்ததாம். சிவப்புத் துணியில் வெட்டிய 'ஏ' என்ற ஆங்கில எழுத்து. ஒவ்வொரு காலும் மூன்றேகால் அங்குலம் என்று அளந்தே சொல்கிறார் மனிதர். நெஞ்சில் வைத்துப் பார்த்தாராம், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகச் சுட்டதாம், கீழே போட்டுவிட்டாராம்.

துணி கிடைத்தது கற்பனை. அந்த அலுவலகத்தில் அவர் வேலை பார்த்ததும், 1849இல் வேலை பறிபோனதும், மறு வருடமே நாவல் வந்ததும் நிஜம். இன்னொரு நிஜமும் உண்டு. 1692இல் சேலத்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கில் போட்டார்களே, அந்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் இவருடைய மூதாதை. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். 1640களின் பாஸ்டன். ஊரை ஆள்பவர்கள் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். தேவாலயத்தில் சிலை கூடாது, ஓவியம் கூடாது, சிலுவைகூட வேண்டாம் என்றவர்கள். அப்படிப்பட்டவர்கள்தான் விபசாரக் குற்றத்துக்காக ஹெஸ்டர் பிரின் என்ற பெண்ணுக்குத் தண்டனையாக ஓர் அடையாளத்தைச் செய்து அவள் மார்பில் மாட்டச் சொல்கிறார்கள். உருவம் வேண்டாம் என்ற ஊர் தன் கையாலேயே ஓர் உருவம் செய்கிறது. இந்த நாவலின் திருகாணி இங்கேதான் இருக்கிறது என்பேன்.

அவள் என்ன செய்தாள்? அந்த எழுத்தைத் தங்க இழையால் பூவேலை செய்து அணிந்துகொண்டு வெளியே வந்தாள். ஆடம்பரத்துக்கு ஊர்ச்சட்டம் வைத்திருந்த எல்லையைத் தாண்டிய அலங்காரம். கூடியிருந்த பெண்களுக்கு வயிறு எரிகிறது. கைக்குழந்தையோடு மேடையில் நிற்கிறாள். இந்தக் கூட்டத்தில் ஒரு கத்தோலிக்கர் இருந்திருந்தால் அவருக்கு மாதாவின் நினைவு வந்திருக்கும் என்று ஹாதார்ன் போகிற போக்கில் எழுதுகிறார். 'பாவி' என்று நிறுத்திய இடத்தில் மாதாவின் சாயல்!

அப்புறம் அதே ஊர் அவளிடம் தையல் வேலைக்கு வருகிறது. கவர்னரின் கழுத்துப் பட்டை, சவ அடக்கத்துக்கான துணி, குழந்தையின் குல்லாய், எல்லாவற்றுக்கும் அவள் கை வேண்டும். கல்யாணப் பெண்ணின் வெள்ளை முக்காட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

குழந்தையின் பெயர் பேர்ல், முத்து. மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு வியாபாரி தனக்கு உண்டானதையெல்லாம் விற்று வாங்குகிற விலையுயர்ந்த முத்து அது. ஹெஸ்டரும் எல்லாவற்றையும் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறாள்.

குழந்தையின் தகப்பன் யார்? ஊரே போற்றும் போதகர் டிம்ஸ்டேல். அவர் குடியிருந்த அறைச் சுவரில் ஒரு சித்திரத் திரை தொங்குகிறது: தாவீது, பத்சேபாள், நாத்தான் தீர்க்கதரிசி. பிறன் மனைவியைக் கவர்ந்த ராஜாவிடம் "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்ன கதை. போதகர் தினமும் அதன் முன்னால்தான் பிரசங்கம் தயாரிக்கிறார். ஹாதார்ன் அதைப் பற்றி ஒரு விளக்கமும் தருவதில்லை, திரையை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதே போதகர் அலமாரியில் சவுக்கைப் பூட்டிவைத்து இரவில் தன்னையே அடித்துக்கொள்கிறார். தன் சபை வெறுத்து ஒதுக்கிய பழைய ரோமன் கத்தோலிக்க வழக்கம் அது!

ஒன்றைக் கவனித்தீர்களா? 'ஏ' குறிப்பது 'அடல்ட்ரி', அதாவது விபசாரம்; ஆனால் அந்தச் சொல் நாவலில் ஓரிடத்திலும் வருவதில்லை. அதனால்தான் எழுத்தின் அர்த்தம் மாறிக்கொண்டே போகிறது. அவள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய ஆரம்பித்ததும் 'ஏபிள்', கெட்டிக்காரி, என்று படிக்கிறார்கள் சிலர். வானத்தில் ஓர் எரிகல் 'ஏ' வடிவில் ஒளிர்ந்தபோது, கவர்னர் இறந்த இரவல்லவா, 'ஏஞ்சல்' என்று முடிவுகட்டுகிறார் கோயில் பணியாள்.

எனக்குப் பிடித்த இடம் காட்டு ஓடை. ஹெஸ்டர் எழுத்தைப் பிய்த்து எறிகிறாள், கூந்தலை அவிழ்த்து விடுகிறாள், வெயில் வந்து விழுகிறது. இதோ விடுதலை என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஓடைக்கு அக்கரையில் பேர்ல் விரலை நீட்டிக் காட்டி, காலை உதைத்து, வரமாட்டேன் என்கிறாள். அம்மா மறுபடி எழுத்தைக் குத்திக்கொண்ட பிறகுதான் வருகிறாள். வந்து அம்மாவை முத்தமிட்டவள் அந்த எழுத்தையும் முத்தமிடுகிறாள். பாசமா, பரிகாசமா? நான் நாலைந்து தடவை படித்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பதில்தான் கிடைக்கிறது, அதுவும் வேறு வேறு.

பல வருடம் கழித்து ஹெஸ்டர் பாஸ்டனுக்குத் தானாகத் திரும்பி வருகிறாள். அணியச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அணிந்துகொள்கிறாள். கடைசியில் போதகர் டிம்ஸ்டேலின் பழைய புதைகுழிக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒன்று தோண்டுகிறார்கள். நடுவில் இடைவெளி விட்டுத்தான். ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கல். கருப்புத் தளத்தில் சிவப்பாக 'ஏ'.