அழிக்கப் போன படங்கள்

வணக்கம் நேயர்களே. புகைப்படத்தைப் பற்றி வானொலியில் பேசுங்கள் என்று கூப்பிட்டபோது சிரிப்புதான் வந்தது. படத்தை உங்களுக்குக் காட்ட வழியில்லை. ஆனால் நான் பேசப்போகும் படங்கள் காட்டும்படியாகவும் இருக்காது. ஆடிப்போனவை, மங்கிப்போனவை, பறவை பறந்துபோய் வெறும் கிளை மட்டும் விழுந்தவை. அதனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

காட்டுப் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கிய முதல் வருஷம் அது. ஓர் ஓடைக்கரை. சிரல் என்கிறோமே, அந்தச் சின்ன நீல மீன்கொத்தி, தண்ணீருக்கு மேல் நீட்டியிருந்த ஒரு குச்சியில் வந்து உட்காரும். தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளக்கும். பாயும். நான் பொத்தானை அழுத்துவதற்குள் மீனோடு பழைய குச்சிக்கே திரும்பியிருக்கும். மூன்று காலை இப்படியே போயிற்று. நான்காம் நாள் ஒரே ஒரு படம் சிக்கியது. அலகில் மீன், இறக்கை நுனியிலிருந்து தெறிக்கும் துளிகள், எல்லாம் கச்சிதம். கண் மட்டும் சரியில்லை. பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பால் படிந்த மாதிரி ஒரு வெள்ளை.

பறவைக்குக் கண்புரை என்று முடிவே கட்டிவிட்டேன். பாவம், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படித்தான் மீன் பிடிக்கிறதோ என்ற பரிதாபம் வேறு. அழிக்க மனசில்லாமல், எங்கள் பறவை நோக்கர் குழுவில் இருந்த ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். அவர் எழுதினார்: "தம்பி, அதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தண்ணிக்குள்ள போறதால கண்ணாடி மாட்டிக்கிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்."

பறவைகளுக்கு மூன்றாவதாக ஓர் இமை உண்டு. மேலிருந்து கீழே மூடாது. கண்ணின் மூலையிலிருந்து குறுக்கே திரைபோல் இழுபடும். மீன்கொத்தி தண்ணீரில் பாயும்போது அதைப் போர்த்திக்கொள்ளும். ஆந்தை குஞ்சுக்கு இரை ஊட்டும்போது, அந்தச் சின்ன அலகு கண்ணில் குத்திவிடாமல் இருக்க, அதே இமையை மூடும். நம் கண்ணுக்கு இது தட்டுப்படாது. ஷட்டர் திறந்து மூடும் நேரத்தை நொடியில் 3,200-ல் ஒரு பங்காக வைத்திருந்ததால் கேமராவில் மாட்டிக்கொண்டது. நான் பழுதென்று நினைத்ததுதான் அந்தப் படத்தில் இருந்த சேதி.

1882-ல் எத்தியன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர், பறக்கும் பறவையின் இறக்கை எப்படி அசைகிறது என்று பார்க்கத் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம். இன்று நம் கையில் இருப்பவை நொடிக்கு 20, 30 என்று சர்வசாதாரணமாகச் சுட்டுத் தள்ளுகின்றன. ஒரு காலைக்கு ஆயிரம் படம் சேர்ந்துவிடும். ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் பாதி நேரம் படமெடுப்பதில் போவதில்லை, அழிப்பதில்தான் போகிறது. அங்கேதான் நாம் அவசரப்படுகிறோம்.

இன்னொரு நாள், சேற்றுத் திட்டில் ஒரு கரைப்பறவை. பவளக்காலியா பச்சைக்காலியா என்று தெரியவில்லை. பெயரிலேயே விடை இருக்கிறதே, காலைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். கால் முழங்கால்வரை சேற்றில். அலகையும் உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. முதுகு மட்டும் அழகாக, கூர்மையாக விழுந்திருந்தது. பச்சைக்காலி என்று எழுதிக் குழுவில் போட்டேன். ஒரு அக்கா கேட்டார்: "அது பறந்து போனதை எடுக்கலையா?" எடுத்திருந்தேன். வெறும் பழுப்புத் தீற்றல் என்று குப்பைத்தொட்டியில் தள்ளியிருந்தேன். மீட்டெடுத்துப் பார்த்தால், அந்தத் தீற்றலின் பின் ஓரத்தில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. பவளக்காலிக்குத்தான் இறக்கையின் பின்விளிம்பு வெள்ளை. பச்சைக்காலியின் இறக்கை அப்படியே கருத்திருக்கும். மானம் போனாலும் பறவைக்குச் சரியான பெயர் கிடைத்தது.

அன்றிலிருந்து பகிரும்போது ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. நல்லது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பறப்பது ஒன்று, அது எவ்வளவு ஆடிப்போயிருந்தாலும் சரி. கூடவே தேதி, நேரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி. இப்போது படத்தில் படியும் துகள்போன்ற புள்ளிகளை நீக்கிப் படத்தைப் பளிச்சென்று ஆக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில நேரம் இல்லாத இறகுக் கோட்டையும் அதுவே வரைந்துவிடுகிறது. பெயர் கண்டுபிடிக்க உதவி கேட்பவர் கை வைக்காத படத்தை அனுப்புவதே நியாயம்.

பறவையின் காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய வளையம் தெரிந்தால் படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அழிக்காதீர்கள். எண் தெரியாவிட்டாலும், எந்தக் காலில் எந்த நிறம் என்பதை வைத்தே அதை எங்கே பிடித்து வளையமிட்டார்கள் என்று பல சமயம் சொல்லிவிடலாம். பசிபிக் கடலில் உள்ள மிட்வே தீவில், 1956-ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை ஒன்றுக்கு வளையமிட்டார். 2002-ல் அதே தீவில் அதே பறவை, அவர் கையிலேயே மறுபடி அகப்பட்டது. 46 வருஷம்! அதன் வயதை நமக்குச் சொன்னது காலில் கிடந்த ஒரு துண்டு உலோகம்தான்.

இவ்வளவு நேரம் பகிருங்கள், பகிருங்கள் என்றேன். இனி மாற்றிச் சொல்லப் போகிறேன்.

என்னிடம் இருப்பதிலேயே நல்ல படம் ஓர் அரசவால் ஈப்பிடிப்பானுடையது. மெல்லிய கிளைக்கவையில் கிண்ணம்போல் ஒரு கூடு. ஆண் பறவை அடைகாக்கிறது. உடல் கூட்டுக்குள் அடங்கிவிட்டது. வெள்ளை வால் மட்டும் நாடாவாகக் கீழே நீளமாகத் தொங்குகிறது. இலைகளின் ஊடாக வந்த வெளிச்சம் அந்த வாலில் விழுந்திருந்தது. எடுத்த அன்று மாலையே பகிர்ந்தேன். எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் வழியும் சொன்னேன். பாராட்டு கிடைத்தால் நாக்கு நீளத்தானே செய்யும்.

நாலு நாள் கழித்துப் போனேன். கூட்டைச் சுற்றி இருந்த இலைக்கொத்துகளை யாரோ ஒடித்திருந்தார்கள், மறைப்பு இல்லாமல் படமெடுக்க. தரையில் வாடிக் கிடந்தன. இலை போனால் வெயில் நேராக முட்டையில் இறங்கும். காக்கைக்கும் வழி திறந்துவிடும். கூடு காலியாக இருந்தது. எது நடந்தது என்று நான் பார்க்கவில்லை. கிளையை ஒடித்தவர் யார் என்று விசாரிக்கவும் இல்லை. வழி சொன்னவன் நான்.

கூட்டை நெருங்குவதற்குப் பறவையிடம் நேரடியாகவே தண்டனை பெற்றவர் எரிக் ஹாஸ்கிங். பறவைப் படக்கலையில் பெரிய பெயர். 1937-ல், ஆந்தைக் கூட்டருகே கட்டிவைத்திருந்த மறைவிடத்துக்கு இருட்டில் போனவரை ஆந்தை தாக்கியது. ஒரு கண் போயிற்று. மீதமிருந்த ஒற்றைக் கண்ணோடு இன்னும் பல பத்தாண்டுகள் படமெடுத்தார். என்னை எந்தப் பறவையும் தொடவில்லை. அதனால்தான் எனக்குப் புத்தி வர ஒரு கூடு ஆயிற்று.

இப்போது கூட்டுப் படம் எடுப்பதை விட்டுவிட்டேன். பகலில் ஆந்தை உறங்கும் மரத்தை யாருக்கும் சொல்வதில்லை. அதன் இனத்துக் குரலின் ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதும் இல்லை. எதிரி வந்துவிட்டான் என்று அது வேலையை விட்டுவிட்டு ஓடிவரும். இன்னொன்று, செல்பேசியிலும் சில கேமராக்களிலும் எடுத்த இடம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். நாம் வாயை மூடிக்கொண்டாலும் படம் சொல்லிவிடும். அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள். இரண்டே நிமிஷ வேலை.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒரு படம் போட்டார். ஏதோ ஒரு சின்னப் பறவை, இலைக்குப் பின்னால் பாதி மறைந்து, அலகில் புல் நார். கூடு கட்டுகிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஃபோகஸ் இலையில் இருந்தது. கீழே எழுதியிருந்தார்: "பெயர் மட்டும் சொல்லுங்க. இடம் கேக்காதீங்க." அரைமணி நேரம் அந்த அலகைப் பற்றியும் புருவக் கோட்டைப் பற்றியும் சண்டை போட்டுப் பெயரைக் கண்டுபிடித்தோம். எங்கே என்ற கேள்வி எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வணக்கம்.