ஓ.டி. கிடையாது, டீ மட்டும் உண்டு: கணக்கு டீச்சருங்க கூட்டம்

வணக்கம்ங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்குற எல்லாருக்கும் வணக்கம். கணக்குன்னு சொன்னதும் சவுண்டைக் குறைச்சுடாதீங்க, நான் ஃபார்முலா ஒப்பிக்க வரல. கணக்கு டீச்சருங்க லீவு நாள்ல ஒண்ணா கூடி என்னதான் பண்றீங்க, அதைப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, வந்துட்டேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு பட்டதாரி ஆசிரியர். தளி, அஞ்செட்டி, சித்தேரி மலைன்னு உள்ள போகப் போக, ஸ்கூலுக்கே ஒரே ஒரு கணக்கு டீச்சர் இருக்குற இடமெல்லாம் உண்டு. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் அவங்களேதான். ஸ்டாஃப் ரூம்ல பேச ஆள் இல்லாம இல்ல, நல்லா பேசுவாங்க, கல்யாணம் காட்சி எல்லாம் பேசுவாங்க, ஆனா சோஷியல் சார்கிட்ட போயி "இந்தப் பையன் மைனஸ் மூணையும் மைனஸ் நாலையும் கூட்டி ப்ளஸ் ஏழுன்னு போடறான், ஏன் சார் இப்படி பண்றான்"னு கேட்டா அவரு பாவம் என்னத்த சொல்வாரு. இப்படி வருஷக்கணக்கா தனியாவே யோசிச்சு தனியாவே எரிச்சலாகி கடைசில "இந்தப் பசங்களுக்கு வராது"ன்னு ஒரு முடிவுக்கு வந்துடுறாங்க. எனக்குத் தெரிஞ்சு கணக்கு டீச்சருங்களுக்கு இருக்குற பெரிய கஷ்டமே இதுதான்.

டிரெய்னிங் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, வட்டார வள மையத்துல கூப்பிடுவாங்க, அதுல உபயோகமும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அங்க மேல இருந்து ஒரு மாட்யூல் வரும், சாயங்காலத்துக்குள்ள அதை முடிக்கணும். அந்த ரூம்ல எந்திரிச்சு நின்னு "மைனஸை மைனஸால பெருக்குனா ஏன் ப்ளஸ் வருதுன்னு எனக்கே சரியா வெளங்கல"ன்னு எந்த டீச்சர் சொல்லுவாங்க? எங்க கூட்டத்துல சொல்லலாம், சொல்லியும் இருக்காங்க, அன்னிக்கு பூரா அதுலயே போச்சு.

எங்க கூட்டம் மாசத்துல ஒரு சனிக்கிழமை. மேல இருந்து ஆர்டர் கிடையாது, ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி' கிடையாது, டி.ஏ.ங்கிற பயணப்படி கிடையாது. தலைவர்னு ஒருத்தர், செயலாளர்னு ஒருத்தர் பேருக்கு இருக்காங்க, சம்பளம்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுல கிளம்புறப்ப பக்கத்து வீட்டு அக்கா "என்ன டீச்சர், பென்ஷன் போராட்டமா"ன்னு கேப்பாங்க. அதுக்கெல்லாம் வேற சங்கம் இருக்குங்க, அது தேவையும் கூட, நானும் அதுல மெம்பர்தான். இது கணக்கு போடுறதுக்கு மட்டும்.

ஒரு கூட்டத்துல நடந்ததைச் சொல்றேன், அப்பத்தான் புரியும். ஒவ்வொருத்தரும் ஒரு பிள்ளையோட நோட்டு கொண்டு வரணும், பேரை மறைச்சுட்டு. பாலக்கோடு பக்கத்துல இருந்து வர்ற சார் எட்டாவது பையன் நோட்டு ஒண்ணு கொண்டு வந்தாரு. கணக்கு 402ல இருந்து 157 கழிக்கணும். விடை 245. பையன் எழுதியிருந்தது 355. எல்லாரும் பாத்தோம், "கடன் வாங்கத் தெரியல, அவ்ளோதான்"னு பாதிப் பேரு சொல்லிட்டாங்க. உண்மையில அவன் என்ன பண்ணிருக்கான்னா, நாலுல ஒண்ணு போனா மூணு, சரி. அடுத்தது சைபருக்குக் கீழ அஞ்சு, இவன் அஞ்சுல இருந்து சைபரைக் கழிச்சிருக்கான். கடைசி ரெண்டுக்குக் கீழ ஏழு, ஏழுல இருந்து ரெண்டைக் கழிச்சு அஞ்சு. மேல கீழன்னு பாக்கவே இல்ல, எது பெருசோ அதுல இருந்து சின்னதைக் கழிச்சிருக்கான். கவனக்குறைவு கிடையாதுங்க, அவன்கிட்ட ஒரு ரூல் இருக்கு, அந்த நோட்டுல எல்லா கணக்குலயும் அதே ரூலைத்தான் போட்டிருக்கான்.

சரி, அந்த ரூல் அவனுக்கு எங்கிருந்து வந்துச்சு? கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ரெண்டாம் வகுப்பு எடுக்குற ஒரு டீச்சர், இடைநிலை ஆசிரியர், அவங்கதான் சொன்னாங்க, "சார், நாங்கதான் சொல்லிக் குடுக்குறோம், பெரிய எண்ல இருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும்னு, வாய்ப்பாடு மாதிரி சொல்ல வைக்கிறோம்"னு. அட! ரெண்டாங்கிளாஸ்ல அது சரிதானே, அங்க எட்டுல இருந்து மூணுதான் கழிக்கிறாங்க. அதை அந்தப் புள்ள ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியா வச்சுக்கிட்டு எட்டாவது வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கு. ஏழாவதுல மைனஸ் நம்பர் வர்றப்ப மூணுல இருந்து எட்டையும் கழிக்கலாம்னு நாங்க சொல்றோம், அவனுக்கு டீச்சருங்க மேலயே நம்பிக்கை போயிருக்கும்.

இதுல இன்னொண்ணு. அந்தப் பையன் லீவு நாள்ல அவங்க அம்மாகூட தக்காளி விக்க சந்தைக்குப் போறவன்னு சார் சொன்னாரு. இருபத்தேழு ரூபாய்க்கு வாங்கிட்டு அம்பது ரூபா நீட்டுனா இருபத்து மூணு ரூபா சரியா எடுத்துக் குடுத்துடுவான். அதையே போர்டுல 50 கழித்தல் 27னு எழுதுனா 37ம்பான். அதனால அடுத்த நாள் சார் போர்டை விட்டுட்டு சில்லறையில இருந்தே ஆரம்பிச்சிருக்காரு, பத்து ரூபா நோட்டை உடைச்சு ஒரு ரூபா காசா மாத்துறது, நூறு ரூபாயை உடைச்சு பத்து பத்தா மாத்துறதுன்னு. நாங்களும் அதே மாதிரி மூணு கணக்கை அவங்கவங்க ஸ்கூல்ல குடுத்துப் பாத்தோம், எல்லா ஸ்கூல்லயும் அந்த 355 டைப் விடை இருந்துச்சு. அரசுப் பள்ளியில மட்டும்தான்னு நெனச்சுடாதீங்க, மெட்ரிக்ல இருந்து வந்த மேடமும் அதையேதான் கொண்டு வந்தாங்க.

இந்த மாதிரி கூடுறது நாங்க புதுசா கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல. இங்கிலாந்துல 1871லயே கணக்கு வாத்தியாருங்க சங்கம் ஆரம்பிச்சாங்க. காரணம் என்ன தெரியுமா, அங்க ஸ்கூல்ல யூக்ளிட் வடிவியலை அப்படியே வரிக்கு வரி மனப்பாடம் பண்ண வச்சாங்க, அதை மாத்தணும்னுதான். இன்னிக்கு நம்ம பத்தாவது பிள்ளைங்க தேல்ஸ் தேற்றத்தை நோட்ஸ்ல பாத்து உருப்போடுறதைப் பாக்குறப்ப எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். நம்ம பக்கம் 1907ல ராமசாமி ஐயர்னு ஒரு டெபுட்டி கலெக்டர், வாத்தியார் கூட இல்ல, ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல ஊர் ஊரா இருக்குற கணக்கு ஆளுங்களுக்கு கடுதாசி எழுதி எழுதியே ஒரு சங்கத்தைக் கட்டுனாரு. அதுதான் இந்தியக் கணிதக் கழகம். 1910ல ராமானுஜன் நோட்டைத் தூக்கிக்கிட்டு வேலை கேட்டு திருக்கோவிலூர் போயி பாத்தது இவரைத்தான். மறுவருஷமே அந்தக் கழகத்தோட இதழ்ல ராமானுஜன் கட்டுரை வந்துடுச்சு.

பள்ளிக்கூட டீச்சருங்களுக்குன்னே சென்னையில இருந்து நடக்குற இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம், ஏ.எம்.டி.ஐ.ன்னு சொல்லுவோம், அது 1965ல ஆரம்பிச்சது. சேலத்துல இருந்து பிரிச்சு நம்ம தர்மபுரி மாவட்டம் வந்ததும் அதே 1965தான். டீச்சருக்கு ஒரு இதழ், பசங்களுக்கு ஒரு இதழ், மாநாடு, திறன் போட்டின்னு நடத்திக்கிட்டு வர்றாங்க. அந்தப் போட்டியில வகுப்புக்கு ஏத்த மாதிரி காஸ், கப்ரேக்கர், பாஸ்கரா, ராமானுஜன், ஆர்யபட்டான்னு கணக்கு மேதைங்க பேரு வச்சிருக்காங்க. இதுல எனக்குப் பிடிச்சது கப்ரேக்கர். அவரு பெரிய ப்ரொஃபசர் கிடையாது, மஹாராஷ்டிராவுல நாசிக் பக்கத்துல தேவலாலியில ஸ்கூல் வாத்தியார்.

ஒரு பென்சில் எடுங்க, அவரு கண்டுபிடிச்சதை இப்பவே போட்டுப் பாத்துடலாம். மாவட்டம் பொறந்த வருஷம் 1965. அந்த நாலு இலக்கத்தையும் பெருசுல இருந்து சின்னதா எழுதுனா 9651. திருப்பி எழுதுனா 1569. கழிங்க, 8082 வரும். மறுபடி அதே வேலை, 8820ல இருந்து 0288 போச்சுன்னா 8532. இன்னொரு தடவை, 8532ல இருந்து 2358, விடை 6174. இனிமே எத்தனை தடவை பண்ணாலும் 6174தான். கிருஷ்ணகிரிக்காரங்க கோச்சுக்காதீங்க, உங்க மாவட்டம் பிரிஞ்ச 2004ஐயும் போடலாம், 4200ல இருந்து 0024 போனா 4176, அப்புறம் 7641ல இருந்து 1467, ரெண்டே ஸ்டெப்ல அதே 6174. நாலு இலக்கமும் ஒண்ணா இல்லாத எந்த நாலு இலக்க எண்ணை எடுத்தாலும் ஏழு ஸ்டெப்புக்குள்ள வந்து நிக்கும். கழித்தல் பயிற்சின்னு நூறு கணக்கு குடுத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குற பசங்க, இதைக் குடுத்தா பஸ் டிக்கெட் நம்பர், அப்பா வண்டி நம்பர்னு தேடித் தேடிப் போடுதுங்க.

நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தக் கூட்டத்தை நடத்துறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க. சனிக்கிழமை ஸ்கூல் கேட் சாவி யாருகிட்ட, டீக்கு யாரு சொல்றது, ஜெராக்ஸ் காசு யாரு குடுத்தது, இதெல்லாம் பாக்குறது எப்பவும் அதே மூணு நாலு பேருதான். பெண் டீச்சருங்களுக்கு இன்னும் கஷ்டம், லீவு நாள்லயும் வெளியவான்னு வீட்டுல கேள்வி, அரூர்ல இருந்தோ தேன்கனிக்கோட்டையில இருந்தோ வந்து திரும்ப பஸ் புடிச்சு போகணும், அதனால பிள்ளைங்களையும் கூட்டிட்டே வந்துடுவாங்க, அதுங்களும் வராண்டாவுல 6174 போட்டுக்கிட்டு இருக்கும். எல்லாத்துக்கும் மேல டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங். இங்க வேலை பாக்குறவங்கள்ல வெளி மாவட்டத்துக்காரங்க நிறைய பேரு, சொந்த ஊருக்கு மாறுதல் கெடைச்சா கிளம்பிடுவாங்க, அதைத் தப்புன்னு சொல்ல முடியுமா? ஆனா நல்லா ஓடிக்கிட்டு இருக்குறப்ப செயலாளருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா கூட்டம் அப்படியே படுத்துடும். அதனால இப்ப ஒரு பெரிய நோட்டு போட்டிருக்கோம், எந்தக் கூட்டத்துல எந்தப் பிள்ளை தப்பைப் பத்திப் பேசுனோம், யாரு என்ன பண்ணிப் பாத்தாங்க, எது வேலைக்கு ஆகல, எல்லாம் அதுல இருக்கு. ஆள் மாறலாம், நோட்டு ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன்.

சண்டையும் வரும். பத்தாவது எடுக்குறவங்க டிசம்பர் வந்தாலே "இதெல்லாம் இருக்கட்டும், மெல்லக் கற்கிற பசங்களை 35 வாங்க வைக்க வழி சொல்லுங்க"ம்பாங்க. வரைபடம் எட்டு, செய்முறை வடிவியல் எட்டு, இந்த 16 மார்க்கைப் புடிச்சுட்டு ஒரு மார்க் கேள்வி 14ல முடிஞ்சதைப் பாருன்னு ஒரு ரூட்டு இருக்கு, அதை நான் கேவலமா பேச மாட்டேன், ரிசல்ட் கொறஞ்சா மீட்டிங்ல நிக்கிறது அவங்கதான். பத்தாவது ஃபெயிலானா வீட்டுல கல்யாணப் பேச்சு எடுத்துடுற பொண்ணுங்களும் நம்ம பக்கம் இருக்கு, அந்தப் பொண்ணுக்கு 35ங்கிறது சின்ன விஷயம் இல்ல. அதுக்காக வருஷம் பூரா அதையே பேசுனா அதுக்கு நாங்க சனிக்கிழமை கூடணுமா, ஸ்கூல்லயே தெனம் அதானே பேசுறோம். இப்போதைக்கு ஜனவரி, பிப்ரவரி கூட்டம் பத்தாவதுக்கு, மத்த மாசமெல்லாம் பிள்ளைங்க நோட்டுக்குன்னு ஒரு ஒப்பந்தத்துல ஓடுது, எத்தனை நாளைக்குத் தாங்கும்னு பாக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு பின்னம் எடுத்திருக்கோம். அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டச் சொன்னா மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டி அஞ்சுல ரெண்டுன்னு எழுதுற நோட்டு உங்க ஸ்கூல்லயும் இருக்கும், அரையோட இன்னொரு பின்னத்தைச் சேத்தா அரையை விடக் குறையுதேன்னு அந்தப் புள்ளைக்கு ஏன் தோணலங்கிறதுதான் அன்னிக்குப் பேச்சு. கணக்கு மேஜர்தான் வரணும்னு இல்ல, ஒண்ணாங்கிளாஸ் டீச்சர், தனியார் பள்ளி டீச்சர், பி.எட். படிக்கிற பசங்க யாரு வேணும்னாலும் வாங்க. நோட்டுல பிள்ளை பேரு மேல ஒரு பேப்பர் ஒட்டிக் கொண்டு வாங்க, டீ காசு கையில வச்சுக்கோங்க. நன்றி, வணக்கம்.