கரண்ட் பில்லுக்கு முன்பே பேசும் ஆப்

[திரையில்: தர்மபுரி வீடு ஒன்றின் மின் மீட்டர்]

நம் வீடுகளில் மீட்டர் ரீடிங் எடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். சித்திரை வெயிலில் ஏசி எவ்வளவு இழுத்தது என்பதை ஆனி மாதம் பில்லைப் பார்த்து யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? மின்சாரத்தைச் சேமிக்க ஆப் செய்பவர்கள் முதலில் அடைக்க வேண்டியது இந்த இடைவெளியை.

பூமியைக் காப்போம் என்று தினமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பினால் சீக்கிரமே அதை அணைத்துவிடுவார்கள். ஞாயிறு காலை மீட்டரை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், போதும். கணக்கை ஆப் போடட்டும்.

[திரையில்: 500 என்ற சிவப்புக் கோடு]

நம் மாநிலக் கட்டண முறையில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு முன் ஓடிய யூனிட்களில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடுகிறது. அந்தக் கோட்டை நெருங்கும்போதே ஆப் சொன்னால், கை தானாக ஸ்விட்சுக்குப் போகும்.

அப்புறம், அக்கம்பக்கத்தோடு ஒப்பிடுவது. இதில் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரி மின் செலவைச் சீட்டில் எழுதித் தெரிவித்ததும், அதிகம் செலவழித்த வீடுகள் குறைத்துக்கொண்டன. ஆனால் சிக்கனமாக இருந்த வீடுகள் செலவைக் கூட்டிவிட்டன! அந்தச் சீட்டில் ஒரு சிரித்த முகமும் வரைந்து கொடுத்த சிக்கன வீடுகளில் மட்டும் செலவு ஏறவில்லை. குறைவாகச் செலவழிப்பவரைப் பாராட்டாமல் விடும் ஆப் அவரையும் கெடுத்துவிடும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

[திரையில்: பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம், மோட்டார் கொட்டகை]

சரி, தோட்டத்துக்கு வருவோம். வீட்டு ஆப்பை அப்படியே இங்கே கொடுத்தால் எடுபடாது. இலவச மின்சாரத்தில் பம்புசெட் ஓட்டும் விவசாயிக்குப் பணம் மிச்சம் என்று சொல்லி என்ன பயன்? அவருக்கு வலிப்பது போர்வெல்லில் தண்ணீர் இறங்குவது. மோட்டார் இன்று எத்தனை மணி நேரம் ஓடியது, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, போன மாதம் எங்கே நின்றது, இவை மூன்றும் திரையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும், சிம் போட்ட ஸ்டார்ட்டர்கள் ஏற்கெனவே பலரிடம் இருக்கின்றன. ஓடிய நேரத்தை அதிலிருந்தே எடுக்கலாம்.

மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி ஆட்டோவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு மெசேஜ் பயன்படாது. போன் அடிக்க வேண்டும்: “அண்ணே, மோட்டார் ரெண்டு மணி நேரமா ஓடுது, நிறுத்தலாமா?” ஓசூர், தளி பக்கம் அந்தக் குரல் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேச வேண்டும். 1ஐ அழுத்தினால், எழுந்து போகாமலேயே மோட்டார் நிற்க வேண்டும்.