கிளைப்பாதையிலிருந்து விரைவுச்சாலைக்கு

நேயர்களுக்கு வணக்கம். விரைவுச்சாலையில் வண்டி ஓட்டும் முறை பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறார்கள். கிடைத்த நேரத்தில் பெரும்பகுதியை நான் ஒரே இடத்துக்கு ஒதுக்கப் போகிறேன்: கிளைப்பாதை வந்து பிரதான சாலையோடு சேரும் இடம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது அந்த இடம்தான். ஓட்டிப் பழகியவர்களிலும் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பக்கத்தில் வண்டிகள் சீறிக்கொண்டு போவதைப் பார்த்ததும் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது. மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று தெருக்களில் பழகிய மனம் சொல்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. இரண்டு விநாடி இடைவெளி என்றால் 56 மீட்டர். அந்த இடைவெளியின் முன்பகுதியில் நீங்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தால், பின்னால் வருபவர் ஒவ்வொரு விநாடியும் 14 மீட்டர் உங்களை நெருங்குகிறார். நான்கே விநாடியில் இடைவெளி தீர்ந்துவிடும். அதிலும் ஒரு விநாடி அவர் நிலைமையை உணர்வதற்கே போய்விடும். அதே இடைவெளிக்குள் நீங்களும் 100 கிலோமீட்டரில் நுழைந்தால் யாரும் யாரையும் நெருங்குவதில்லை. யாரும் பதற வேண்டியதில்லை.

இதற்காகத்தான் சேரும் இடத்தில் சில நூறு மீட்டருக்குத் தனித் தடம் போட்டிருக்கிறார்கள். அது வேகம் கூட்டுவதற்கான தடம். முன்னால் போகும் வண்டிக்கு இடம் விட்டு, வளைவு முடிந்து பாதை நேரானதுமே ஆக்சிலரேட்டரை அழுத்தத் தொடங்குங்கள். இண்டிகேட்டரை முன்கூட்டியே போடுங்கள். கண்ணாடியில் பார்த்து, எந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே போகப் போகிறோம் என்று அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாக ஒரு பார்வை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியில் விழாத மூலையில் ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக மறைந்து வர முடியும். பார்த்ததும் பார்வையை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். பின்னால் பார்த்துக்கொண்டே முன்னே போகும் வண்டியில் மோதுவதும் இங்கே நடக்கிற விபத்துதான்.

தடத்தின் முனையில் போய் நின்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டச் சாதாரணக் காருக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகும். பன்னிரண்டு விநாடியில் பின்னால் வரும் வண்டி 330 மீட்டருக்கு மேல் வந்துவிடும். நீங்கள் அதில் பாதி தூரம்தான் போயிருப்பீர்கள். வேறு வழியின்றி நிற்க நேர்ந்தால், பக்கத்துத் தடம் தொலைவு வரை காலியாகும் வரை பொறுத்திருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார் என்பதற்காக நகராதீர்கள்.

இனி, சாலையில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்களுக்கு. பொதுவாக முன்னுரிமை உங்களுடையதுதான். இடம் பார்த்து நுழைய வேண்டியது வருபவரின் பொறுப்பு. ஆனாலும் ஒருவர் வருவது தெரிந்த பிறகு வேகத்தைக் கூட்டி அவர் வழியை அடைப்பது அடாத செயல், இதை அழுத்திச் சொல்கிறேன். அடுத்த தடம் காலியாக இருந்தால் மாறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே எடுத்தாலே இடம் கிடைத்துவிடும். இரக்கப்பட்டு பிரேக்கை அழுத்தி நின்று வழிவிடாதீர்கள். உங்கள் பின்னால் வருபவருக்கு அந்த இரக்கத்தின் காரணம் தெரியாது.

ஒரு பிரேக்கின் விளைவு பின்னால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2008இல் வெளியிட்ட சோதனையைச் சொல்ல வேண்டும். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். குறுக்கே தடையோ சிக்னலோ எதுவும் இல்லை. சிறிய வேக வேறுபாடுகளே பெருகி, சற்று நேரத்தில் சில கார்கள் முற்றிலும் நின்றுவிட்டன. அந்த நெரிசல் அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. விரைவுச்சாலையில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் கிளம்புகிறோமே, அதில் பலவும் இப்படிப் பிறப்பவைதான்.

நெரிசலில் எல்லோரும் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முறை வேறு. ஒரு தடம் முடிகிறது என்றால் அதன் முனைவரை வந்து, அங்கே இந்தத் தடத்திலிருந்து ஒன்று, அந்தத் தடத்திலிருந்து ஒன்று என மாறி மாறிச் சேர வேண்டும். ஜெர்மனியில் இது போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்து 2021இல் கட்டாயமாக்கி, நெரிசல் நேரத்தில் விரைவுச்சாலையில் நுழையும் வண்டிகளுக்கும் அதை விரிவுபடுத்தியது. முனைவரை வருபவரைக் குறுக்கே புகுபவர் என்று பலர் கோபிக்கிறார்கள். அது நியாயமான கோபமல்ல. இரண்டு தடங்களும் கடைசிவரை நிரம்பினால்தான் வரிசையின் நீளம் குறையும். பின்னால் இருக்கும் சந்திப்புகள் அடைபடாது.

லாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்கேற்றிய லாரியால் உங்களைப் போல் சட்டென்று வேகம் பிடிக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. அது சேர வருகிறது என்றால் முன்னதாகவே இடம் விடுங்கள். நீங்கள் சேரும்போது அதன் பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். முழுதாக முன்னால் போங்கள், அல்லது பின்னால் தங்குங்கள்.

வெளியேறும்போது கதை தலைகீழ். பிரதான சாலையில் வேகத்தைக் குறைக்காமல், வெளியேறும் தடத்துக்குள் வந்த பிறகே பிரேக்கைத் தொடுங்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் அது போகட்டும். பிரதான சாலையும் வெளியேறும் பாதையும் பிரியும் இடத்தில் தரையில் கோடுகள் போட்ட முக்கோணத்தின் குறுக்கே வண்டியைத் திருப்பாதீர்கள், பின்னோக்கி எடுக்காதீர்கள். அடுத்த வெளியேறும் பாதைவரை போய்த் திரும்பி வாருங்கள். சில நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். வணக்கம்.