வேன் எங்க நிக்குது?

(திருகோணமலையில் வியாபாரிகள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

காலை பத்து மணிக்கு வங்கியிலிருந்து வரும் போனை இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும். "ஐயா, ஒரு செக் வந்திருக்கு, கணக்கில காசு காணாது. மத்தியானத்துக்குள்ள போட்டுவிடுங்கோ." மத்திய வீதியில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த காலத்தில், "ஓம் ஓம், இப்ப ஆளை அனுப்புறன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்தச் சிரிப்பு, பக்கத்தில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த பெடியனுக்காக. அவன் காதில் விழுந்தால் பின்னேரம் தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடும். அங்கிருந்து ஒரு லொறி ஏறினால் கொழும்பு. சீமெந்து கடனுக்குத் தருகிறவர் அடுத்த நாள் "இனிக் கைக்காசுக்குத்தான்" என்பார்.

முதலாளிமார் வாய் திறக்காதது வீறாப்பால் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் மூலதனத்தில் பாதி, பிறர் எங்கள்மேல் வைத்த நம்பிக்கை. "ஆள் ஆட்டங்கண்டிட்டார்" என்று ஊர் பேசத் தொடங்கினால் ஆடாதவனும் விழுவான். ஆகவே கணக்குப் பார்த்துத்தான் பேசாமல் இருக்கிறோம். மனைவியிடம் சொல்லலாமே என்பீர்கள். அவவின்ர சங்கிலி ஏற்கெனவே அடகில் கிடக்குது, ஐயா!

உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துகிற நண்பர் ஒருவர். அங்கே உழைப்பெல்லாம் மே முதல் செப்டெம்பர் வரைதான். 2019இல் ஈஸ்டர் குண்டுகள், 2020இல் கொரோனா, 2022இல் பெற்றோல் இல்லை. அந்த வருடம் மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள்; 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. பழைய விலைக்குச் சரக்கை விற்றுவிட்டு, அதே காசுக்குப் பாதிச் சரக்குக்கூட எடுக்க முடியாமல் நான் நின்ற காலம் அது. நண்பர் நடந்து வந்தார். "வேன் எங்க?" என்றேன். "கராஜில நிக்குது." மூன்று மாதமாகக் கராஜில்! ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க விற்றுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் என் வியாபாரம் எப்படி என்று கேட்டபோது நானும் "பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருந்தேன்.

1957இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ராபர்ட் நூர்ஸ் என்பவர் சில கம்பனித் தலைவர்களை ஒரு மேசையைச் சுற்றி இருத்தித் தங்கள் தொழில் சிக்கல்களைப் பேச வைத்தார். இன்று இப்படியான வட்டங்கள் பல நாடுகளில் உண்டு. போட்டி வியாபாரிகள் சேர்ந்திருக்கக் கூடாது, பேசியது வெளியே போகக் கூடாது என்பது வழக்கம். எங்கள் ஊருக்கு அது போதாது. சம்பந்தி கூடாது, ஒரே சீட்டில் இருப்பவர் கூடாது, கடன் கொடுத்தவர் கூடாது. இதையெல்லாம் கழித்தால் திருகோணமலையில் யார் மிச்சம்? (சிரிப்பு) அதனால்தான் இப்படி ஒரு வட்டம் தொடங்கினால் வெளியூர் ஆட்களைச் சேருங்கள் என்கிறேன். குறிப்பெடுக்க வேண்டாம். பேஸ்புக்கில் படம் போடவே வேண்டாம்.

கடன் வழக்கு வரும்போல் இருந்தால் சட்டத்தரணியிடம் முழுவதையும் சொல்லுங்கள். அவர் அதை வெளியிடாமல் இருக்கச் சட்டமே காவல். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடைத்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருபத்துநான்கு மணிநேரமும் இருக்கிறது. அந்த இலக்கத்தை இப்போதே போனில் போட்டுவையுங்கள்.

நாங்கள் ஐந்து பேர் இப்போது போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாட்களில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய்க் கூடுகிறோம். அன்றைக்கு வங்கி பூட்டு, பத்து மணிப் போன் வராது. ஒருவர் அரிசி ஆலை, ஒருவர் ஐஸ்கட்டி செய்து விற்கிறவர், விடுதி நண்பரும் உண்டு. தேத்தண்ணி வரமுதல் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சரி, வேன் எங்க நிக்குது?"