ஒரே நீளக் குச்சி வேண்டாம்

தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் அதிபர்களே, பிரதேச செயலக அலுவலர்களே, வாசிகசாலை நிர்வாகத்தினரே, உயர்தர மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடையை மடித்து வைத்துவிட்டே பேசுகிறேன், வெக்கை அப்படி.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். வழுக்கியாற்றை விட்டால் யாழ்ப்பாணத்தில் நமக்கு ஆறில்லை. அளக்கிற பழக்கமாவது இருக்கட்டும். ஒட்சிசன் சேர்ந்த ஒட்சைட்டுப் பளிங்குகளில் அதே மூலகம், அதே ஒட்சிசன்; ஆனால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு ஓரிடத்தில் குட்டை, இன்னோரிடத்தில் நெட்டை. காரணங்களில் இரண்டைச் சொல்கிறேன்: அயலணுக்களின் எண்ணிக்கை, இலத்திரன் அமைப்பு.

முதலாவதற்கு வல்லிபுரத்து மணலை எடுங்கள். அதிலுள்ள குவாட்சு என்ற சிலிக்காப் பளிங்கில் ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஒட்சிசன். பிணைப்பு நீளம் ஏறத்தாழ 1.61 அங்ஸ்ட்ரொம்; ஒரு சென்ரிமீற்றரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு அங்ஸ்ட்ரொம். 1961இல் ஸ்திஷொவ், பொப்போவா என்ற இரு சோவியத் ஆய்வாளர்கள் சிலிக்காவை ஒரு லட்சம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்தில், கடும் சூட்டில் நெரித்தார்கள். அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராமிலிருந்து 4.29 கிராமுக்கு ஏறியது. அப்படியென்றால் பிணைப்பும் குறுகியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, நீண்டது! நான்கு பிணைப்பு 1.76, இரண்டு 1.81. சிலிக்கனைச் சுற்றி இப்போது ஆறு ஒட்சிசன். நாலு பேருக்குப் பிரித்த காணியை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வரும் பங்கு சிறுக்கும். பங்கு சிறுத்த பிணைப்பு நீளும். அடுத்த ஆண்டே அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்து மணற்கல்லில் அதே பளிங்கு அகப்பட்டது. ஐதரோபுளோரிக் அமிலத்தில் குவாட்சு கரைந்துபோக, இது கரையாமல் நின்றது. பூமிக்கு வெளியே இருந்து வந்த அடி, ஆய்வுகூடத்து அமுக்கத்தின் வேலையைச் செய்திருக்கிறது ஐயா!

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. சிலிக்கன்-ஒட்சிசன் பிணைப்புக்கு, 1.624இலிருந்து அளந்த நீளத்தைக் கழியுங்கள், 0.37ஆல் வகுங்கள், இயற்கை மடக்கையின் அடியான 2.718ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். கிடைப்பது அந்தப் பிணைப்பின் வலுவளவு, அதாவது அதற்கு வந்த பங்கு. மேற்சொன்ன ஆறையும் கூட்டினால் ஏறத்தாழ 4 வரும். சிலிக்கனின் வலுவளவும் அதுவே. ஒரு சிலிக்கன் தானத்தில் கூட்டுத்தொகை 3.4 என்று வந்தால், அங்கே அலுமினியம் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, இலத்திரன் அமைப்பு: செப்பொட்சைட்டில் ஒரு செப்பு அணுவைச் சுற்றி நான்கு பிணைப்பு 1.95 அளவில், மற்ற இரண்டு 2.78. ஹேர்மன் யான், எட்வேர்ட் டெல்லர் என்ற இருவர் 1937இல் சொன்ன, இலத்திரன் அமைப்பால் வரும் உருத்திரிபு அது.

ஆனால் நம் பள்ளிகளில் எல்லா மாதிரிக்கும் ஒரே நீளக் குச்சிதான். அதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு வாசிகசாலையிலும் பளிங்கு மாதிரிக்கு ஒரு மேசை. செலவு ஈர்க்குக் குச்சியும் களிமண்ணும்தான். 1 அங்ஸ்ட்ரொமுக்கு 5 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். குவாட்சுக்கு 8.05 சென்ரிமீற்றர், நெரித்த சிலிக்காவுக்கு 8.8, 9.05. அளவு உருண்டையின் மையத்திலிருந்து மையத்துக்கு. விளிம்பில் குத்தி நிறுத்தினால் எல்லாப் பிணைப்பும் நீண்டுவிடும். 2 மில்லிமீற்றர் நீளம் கூடினாலே வலுவளவு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு, பிள்ளைகளே.

மேசைக்கான விண்ணப்பம் வாசலில் இருக்கிறது. அதிபர்மார் முதலில் கையெழுத்திட்டால் நிர்வாகத்தினரும் மறுக்கமாட்டார்கள்.